அத்தை குடியிருந்த தெரு

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே அத்தை என்று கூப்பிடாதே, மேடம் என்று கூப்பிடு என்றாள். காலனிக்காரி என்று தெரிந்தால் டவுனில் அவள் இருந்த வாடகை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். எனக்குப் புரிந்தது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் காலனியின் பெயரைச் சொன்னாலே எதிரில் நிற்பவர் முகம் மாறுவதை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் மேடம் என்றே கூப்பிட்டேன்.

என் அம்மா கல்யாணமாகி வந்தபோது அத்தைக்கு ஆறு வயது. தாயில்லாத பெண். அவளுக்குத் தலைவாரி விட்டதும் சோறு ஊட்டியதும் அம்மாதான். அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை அம்மா சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலைதான் அம்மாவின் நெஞ்சைக் கெடுத்தது.

ஒருநாள் காலையில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். நான் அத்தையிடம் ஓடி, பாதிநாள் லீவு கேட்டேன். பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். அத்தை கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

“இந்த காலனிக்காரிங்கள வேலைக்கு வெச்சாலே பேஜாருதான் சார். தெனம் யாருக்காவது சீக்குன்னு வந்து நிப்பாளுங்க” என்றாள். பிறகு என்னிடம், “போய் உக்காரு. லோடு போனதும் போலாம்.”

மெஷினுக்குத் திரும்பினேன். அன்று நான் எழுந்து போயிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் உட்கார்ந்து தைத்தேன். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா இல்லை, உடல்தான் இருந்தது. அடக்கத்துக்கும் அத்தை வரவில்லை.

நான் அழுததைவிடக் காத்திருந்ததுதான் அதிகம். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் டவுனுக்குப் போனேன். அவள் தெருவின் முனையிலிருந்தே ஒவ்வொரு வீடாக நின்று, எங்க அத்தை வீடு எது என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டேன். வீடு எனக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மாள் வாசலில் இருந்தாள்.

“நீ எந்த ஏரியாம்மா?”

காலனியின் பெயரைச் சொன்னேன். அவள் கேட்காமலே இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.

அத்தை ஈரத் தலையோடு வெளியே வந்தாள்.

“உங்க அண்ணி செத்து நாப்பது நாள் ஆவப்போவுது, அத்த. ஜெபத்துக்காவது வந்துட்டுப் போங்க” என்றேன்.

அந்த ‘அத்த’ என்ற சொல் வாயில் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டெம்போவில் பீரோவோடும் கட்டிலோடும் காலனிக்கே திரும்பி வந்தாள். நான் குழாயடியில் நின்று, கடைசிப் பாத்திரம் இறங்கும்வரை பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டுக்கார அம்மாள்மேல் அன்று எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. அவளிடம் இருந்த கத்தியைத்தான் வாங்கி அத்தையைக் குத்தினேன் என்று பின்னால் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றிய நாட்களிலும் மனம் இளகவில்லை.

சில மாதம் கழித்து அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“அண்ணிய எங்க வெச்சிருக்கீங்க? ஒரு தடவ போய் பாத்துட்டு வர்றேன்” என்றாள்.

அம்மாவின் குழிமேல் கல் இல்லை, சிலுவை இல்லை. அங்கே இருந்த மண்மேடுகளில் அது எது என்று அடக்கத்துக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

“வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டாளோ என்னவோ. நான் சொல்லவில்லை.