பூஜையில் உட்கார்ந்த ஸ்பேனர்

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும்; ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்சில் எங்கள் வீட்டுக் கொலுப்படி இரும்பு. ஓட்டை போட்ட சட்டங்களை போல்ட், நட்டு போட்டு முடுக்க வேண்டும். அந்த வருடம் என் வீட்டுக்காரர் மூலைக்கு ஒரு போல்ட்தான் போட்டார். கைநிறைய மிச்சம்.

"இன்னொண்ணு போடுங்களேன்."

"பொம்மைதான வைக்கப்போற, யானையா?"

யானையும் இருந்தது, மண் யானை, என் அம்மா கொடுத்தது. வாதாட வெட்கப்பட்டுக்கொண்டு பொம்மைகளை அடுக்கப் போய்விட்டேன்.

முதல் நாட்களில் படி லேசாக ஆடியது. கலசம் வைத்த படியைப் பாதியில் கலைக்கக்கூடாதே என்று விட்டோம். சரஸ்வதி பூஜை வந்தது. ஸ்பேனரையும் மிச்ச போல்ட்டுகளையும் பித்தளைத் தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி முன்னால் உட்கார வைத்தார் அவர். இனி மறுநாள் காலை பூஜை முடியும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது.

சாயங்காலம் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் வந்து கைதட்டிப் பாடினார்கள். படி இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம். பொம்மைகளெல்லாம் பாட்டை ரசிப்பதுபோல இருந்தது. யானை மட்டும் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் படிக்குத் தோள் கொடுத்து நின்றேன்.

"என்னக்கா, மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? வந்து பாடுங்க!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இங்கேருந்தே பாடுறேன்" என்று உளறிவிட்டேன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள், ஒன்றாம் வகுப்புப் பாட்டை முழுசாகப் பாடினேன். நகர முடிந்தால்தானே ஓட!

அப்போது சுண்டல் வாங்க வந்த கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி படியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"அரே பஹன்ஜி, ஒரே போல்ட்டா? கதவுக் கீல் மாதிரி திரும்பத்தான் செய்யும். ரெண்டாவது போட்டா எப்படித் திரும்பும்?" என்றாள் இந்தியில்.

"எங்க ஸ்பேனர் பூஜையில இருக்கே!"

"என் ஸ்பேனருக்கு இன்னிக்கு லீவு இல்ல" என்று கீழே போய் எடுத்துவந்தாள்.

போல்ட்? அதுவும் தட்டில்தான். எல்லோரும் வாசலோரம் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"ஸ்பேனர்தான் ஆயுதம். போல்ட் ஆயுதம் இல்ல, உதிரி."

"அச்சா, ஜல்தி குடுங்க! என் தோள் போச்சு" என்று கத்தினேன்.

பொம்மைகளை அசைக்காமல் அவளே மூலைக்கு மூலை இரண்டாவது போல்ட்டை முடுக்கினாள். நான் தோளை எடுத்தேன். படி அசையவில்லை. யானை பிழைத்தது. "இன்னொரு பாட்டு!" என்றார்கள். அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

அந்த போல்ட்டுகளில் குங்குமம் இன்னும் இருக்கிறது. போல்ட் ஆயுதமா, உதிரியா? மூலைக்கு இரண்டு போதுமா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கொலு வருகிறது, மறுபடி பாட என்னால் ஆகாது.