கொடுக்க பாசிட்டிவ், வாங்க நெகட்டிவ்

லேப் டெக்னீஷியன் கோமதிநாயகம் தப்பான ரிசல்ட் எழுதுகிறார் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதியது பொய்.

அவர் இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஐம்பத்திரண்டு வயதுதான்...

எழுதியது கோபத்தில். ஆனால் பொய் என்று தெரிந்த பிறகும் அதை அப்படியே விட்டுவைத்தேன். அதைக் கோபத்தின் மேல் போட முடியாது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வயரிங், இங்கிலீஷ், இந்த முகநூல்... எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்ல வந்தவர்களையும் நான் விட்டதில்லை.

இருபது தடவைக்கு மேல் ரத்ததானம் செய்திருக்கிறேன். ஒவ்வொரு கேம்ப் கார்டிலும் ஓ பாசிட்டிவ். அந்தக் கார்டுகளைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன்.

இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்கு முன்னால் இங்கே ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தேன். கோமதிநாயகம் ஓ நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்.

“ஏ வே, என் ரத்தம் எனக்குத் தெரியாதா?” என்று சத்தம் போட்டேன்.

“ரெண்டு தடவ பாத்துட்டேன் அண்ணாச்சி. ஒங்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. உக்காருங்க, சொல்லுதேன்.”

உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து கார்டையும் ரிசல்ட்டையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். அவர் பெயரையும் போட்டேன். ‘இவர் எழுதியதை நம்பி ரத்தம் ஏற்றினால் உயிர் போகும்’ என்று எழுதினேன்.

எத்தனை ஷேர்... “இவர்ட்ட போனா அப்பன் பேரையும் மாத்தி எழுதிருவாரு” என்று ஒருத்தர் கமெண்ட் போட்டார். அதற்கு நான் சிரிப்புப் பொம்மை போட்டேன்.

மறுநாள் அவரே கடைக்கு வந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். திருவேங்கடத்துக்காரர் ஒருவர் எரிந்துபோன கிணற்று மோட்டாரோடு உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் சண்டை போடவில்லை. என் மேஜையில் கிடந்த டெஸ்டரை எடுத்தார்.

“அண்ணாச்சி, இது மங்கலா எரிஞ்சா அந்த ஒயரத் தொடுவியளா?”

“நான் என்ன கிறுக்கனா? கரண்ட் இருக்குன்னுதான் வச்சுக்கிடணும்.”

“சரி. அதே ஒயர்ல இந்த மோட்டார மாட்டுவியளா?”

“மாட்டுனா எப்படிவே ஓடும்? கரண்ட் இல்லன்னுதான் வச்சுக்கிடணும்.”

“அவ்வளவுதான் அண்ணாச்சி. ஒங்க ரத்தத்துல டி-ன்னு ஒண்ணு மங்கலா இருக்கு. நீங்க குடுக்கும்போது அத இருக்குன்னு வச்சு பாசிட்டிவ்னு எழுதுவாங்க. இல்லன்னா நெகட்டிவ் ஆளுக்குப் போயிரும், அவருக்கு ஆகாது. நீங்க வாங்கும்போது இல்லன்னு வச்சு நெகட்டிவ்தான் ஏத்தணும். கார்டும் சரி, நான் எழுதுனதும் சரி.”

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. முழுசாகப் புரிந்துவிட்டது.

திருவேங்கடத்துக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “போவே, எனக்கே கரண்ட் பாடம் எடுக்க வந்துட்டான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகம் டெஸ்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் திருநெல்வேலியில் நடந்தது. அங்கேயும் டெஸ்ட் எடுத்து அதையேதான் சொன்னார்கள். படுத்தபடியே தலைக்கு மேல் தொங்கிய பையைப் படித்தேன். ஓ நெகட்டிவ். சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது... போன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.

ஊர் திரும்பியபோது கோமதிநாயகத்தை ரத்த குரூப் பார்க்கும் மேஜையிலிருந்து மாற்றியிருந்தார்கள். அவர் மேல் தப்பில்லை என்று லேப் முதலாளிக்குத் தெரியும். தெரிந்தும், ஊர் பேசுகிறதே என்று, வீடு வீடாகப் போய் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துவர அனுப்பினார். அந்த முதலாளி மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் பேசவைத்தவன் நான்.

போன வருஷம் சிவகிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் பைக்கை என் பக்கத்தில் நிறுத்தினார். தோள்பையில் ஊசியும் டியூபும்.

“இடுப்பு எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“நடக்கேன்.”

“கேம்ப் கார்ட மட்டும் வச்சுக்கிட்டு அலையாதிய. எங்கயாவது விழுந்து கெடந்தா ஆஸ்பத்திரில கொழம்பிருவாங்க.”

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, பைக் சீட்டில் வைத்தே எழுதினார். ‘கொடுக்க: ஓ பாசிட்டிவ். வாங்க: ஓ நெகட்டிவ்.’ கீழே கையெழுத்து.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு வே” என்றேன். சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

அந்த அட்டை இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பழைய பதிவை அழிக்க மாட்டேன். அழித்தால் நான் தப்பித்துவிடுவேன். அதன் தலையிலேயே ‘இது பொய்’ என்று எழுதி இதை இணைத்திருக்கிறேன். அதை ஷேர் செய்தவர்கள் இதையும் ஷேர் செய்ய வேண்டும்.

அப்பன் பேர் கமெண்ட் போட்டவர் அதை அவரே எடுக்க வேண்டும். என் சிரிப்புப் பொம்மையை எடுத்துவிட்டேன்.

திருவேங்கடத்து அண்ணாச்சி, அன்று சிரித்தவர்களிடம் கோமதிநாயகம் சொன்னதுதான் சரி என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

லேப் முதலாளி, அவர் எழுதிய ரிசல்ட்டில் பிழையில்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி அவர் மனைவி கையில் கொடுக்க வேண்டும். நாளைக்கே.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். நான் ஒன்பதுக்கே போய் அந்த அம்மா முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டும். வெளியே போகச் சொன்னால் போக வேண்டும்.

போய் வாரும் கோமதிநாயகம்... நீர் எழுதியதுதான் சரி.