வெட்டாமல் விட்ட ராணி

உள்ளறையிலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் வந்தது. துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் உதட்டைச் சுழித்தாள். மூன்று வருடம் அஞ்சலட்டையிலேயே ஆடி டிராவில் முடிந்த சதுரங்க ஆட்டத்தை, அவள் கணவர் எதிராளிக்கே அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். எதிராளி வெளியூர் மருந்துக்கடைக்காரர். முகத்தையாவது பார்ப்போமே என்று இன்றுதான் வந்திருந்தார்.

தண்ணீர் வாரியத்தில் கணவருக்குப் பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. இப்போது மேற்பார்வையாளர் பதவி தானாக வந்திருந்தது. மகளின் மேற்படிப்பே அதை நம்பித்தான். சம்மதக் கையெழுத்துக்கு இன்று ஐந்து மணி கெடு. "கூப்பிட்டுக் குடுக்கறாங்கன்னா உள்ள ஏதோ இருக்குடி" என்று பத்து நாளாக அந்தத் தாளை முகர்ந்துகொண்டிருந்தார் மகானுபாவர்.

அவள் தேநீர் கொண்டுபோனாள்.

"தொடக்கத்தைப் பாருங்க சார்! நீங்க சிப்பாய்ன்னா நானும் சிப்பாய், நீங்க குதிரைன்னா நானும் குதிரை. கண்ணாடி மாதிரி!" என்றார் கணவர்.

பெண் பார்க்க வந்தபோதும் தன் அண்ணன் தலையாட்டியதைப் பார்த்துத்தான் இவர் தலையாட்டினார்.

"அதிருக்கட்டும் சார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "இருபத்திரண்டாவது நகர்த்தல்ல என் ராணி சும்மா நின்னுச்சே, ஏன் வெட்டல? நான் ஆறு பேரோட ஆடறவன். வேற ஆளுக்கு எழுத வேண்டியதை உங்க அட்டையில எழுதிட்டேன். கெட்ட நேரம், உங்க பலகையிலும் அது செல்லுபடியாயிடுச்சு. தபால்ல போட்டா போட்டதுதானே? தோத்தேன்னு உக்காந்திருந்தா, டிரா பண்ணிக்கலாமான்னு எழுதறீங்க!"

கணவரின் முகம் வெளுத்தது. "பொறி வச்சிருக்கீங்கன்னு..."

அந்த ராணிக்காக இருபத்தாறு நாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்த மனிதர்! டிரா அட்டையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் வேறு மாட்டியிருந்தார். அவள் தாளையும் பேனாவையும் எடுத்துவந்து பலகையின் நடுவே வைத்தாள்.

"மணி நாலே முக்கால். ஆபீஸ் அடுத்த தெருதான். இதையாவது வெட்டுங்க."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனாவை மட்டும் தொடவில்லை. தேநீரை ஆறவிட்டு, நெளிந்து நெளிந்து கடைசியில் விருந்தாளி எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "ராணியை நானே எடுத்துக் கையில குடுத்திருந்தாலும் சார் வாங்கியிருக்க மாட்டாரும்மா."

"அச்சச்சோ, அஞ்சு அடிச்சிருச்சே!" என்றது உள்ளறைக் குரல். போன உயிர் திரும்பி வந்த நிம்மதி அதில்.

மருந்துக்கடைக்காரர் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.