கீட்டோன் வளையமும் கெலமங்கலத்துப் புட்டியும்

மூத்திரம் பரிசோதிக்கிறவன் கையில் யாரும் மனமுவந்து எதையும் கொடுப்பதில்லை. அவனும் கொடுத்ததை அப்படியே நம்புவதில்லை. அம்மோனியா நெடியில் காலம் தள்ளியவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஐம்பதுகளில் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை.

சாயம்

கெலமங்கலம் பக்கத்திலிருந்து திம்மப்பன் என்ற விவசாயி தன் மகள் பாப்பம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழெட்டு வயதுப் பெண். அடிக்கடி வலிப்பு, மாத்திரைக்கு அடங்கவில்லை. புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வேறு வழி சொன்னார். சோறு, கேழ்வரகுக் களி, வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முதலில் பட்டினி, பிறகு நெய், வெண்ணெய், முட்டை, தேங்காய். மாவுப்பண்டம் கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது கீட்டோன் என்ற ஒன்று மூத்திரத்தில் இறங்கும். அது இறங்கிக்கொண்டிருந்தால் வலிப்பு அடங்கலாம் என்றார். இறங்குகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கண்ணாடிக் குழாயில் மூத்திரத்தை எடுத்து, அதில் உப்பைக் கரைத்து, மருந்தைச் சேர்த்து, மேலே அம்மோனியாவை மெதுவாக ஊற்றினால் நாவற்பழ நிறத்தில் ஒரு வளையம் வர வேண்டும்.

மகள் வார்டில் பட்டினி கிடக்க, திம்மப்பன் என் கையையே பார்த்தபடி மேஜையருகே நின்றார். வளையம் வந்ததும், "இது நீங்க ஊத்துன சாயம்" என்று சொல்லிவிட்டார். சந்தேகம் தீரட்டுமென்று அவருடையதையும் வாங்கி, அவர் கண்முன்னே அதே மருந்துகளை ஊற்றிக் காட்டினேன். நிறமே இல்லை. மனைவி எல்லம்மாவிடம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எனக்கு வரலியே சார், அப்ப சீக்கு எனக்கா?"

செத்த மருந்து

வீட்டுக்குப் போனபின் எல்லம்மா வாராவாரம் மகளோடு பஸ்ஸில் வருவாள். மடியில் மகளின் மூத்திரம் பிடித்த புட்டி. வளையம் தவறாமல் வந்தது. வலிப்பும் விட்டது, பெண் வராந்தாவில் ஓடத் தொடங்கினாள். திடீரென்று ஒரு வாரம் குழாய் வெளுத்துக் கிடந்தது. மறுவாரமும் அப்படியே. "சொன்னதுதான் குடுக்கறேன், சாமி சத்தியம்" என்றாள் எல்லம்மா. டாக்டரம்மா அவளை நம்பி, என்னை நம்பாமல் பார்த்தார். "உங்க மருந்து செத்துப்போச்சா, இல்ல பொண்ணு களி தின்னாளா? நீங்களே சொல்லுங்க."

விசாரணை

மருந்து உயிரோடுதான் இருந்தது. வார்டில் சர்க்கரை வியாதி முற்றிக் கீட்டோன் இறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் மூத்திரத்தில் ஊற்றினேன். வளையம் பளிச்சென்று வந்தது. ஆக, களிதான். திம்மப்பனைச் சந்தேகப்பட்டேன், அக்கம்பக்கத்து வீடுகளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பெண்ணையே தனியாக நிறுத்தி, "களி தின்னியா?" என்று அதட்டினேன். கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்தாள். "நீ தின்னலியா?"

நல்ல வளையம்

அடுத்த வாரம் வளையம் வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கருமையாக. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை, ஏனென்றால் அன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெண்ணுக்கு வலிப்பு வந்திருந்தது. எல்லம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் வாயைத் திறந்ததும் அழுகிய பழம் போல ஒரு வாடை. கீட்டோன் வாடை. மகள் வாயில் அது இல்லை.

ஆயாவை அனுப்பி, பெண்ணிடம் அங்கேயே ஒரு புட்டி வாங்கச் சொன்னேன். வளையம் வரவில்லை. இரண்டு குழாய்களையும் டாக்டரம்மா முன் வைத்தேன். அவர் எல்லம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா?" என்றார். அவள் அழுதாள். "களி வேணும்னு காலக் கட்டிக்கிட்டு அழுவுறா டாக்டரம்மா, குடுத்துட்டேன். பட்டினி கெடந்தாதான் கலரு வரும்னா நான் கெடந்தா ஆவாதா?"

கேள்வி கேட்கத் தயாராக நின்ற நான் குழாய்களைக் கழுவப் போய்விட்டேன்.

எதை நம்புவது

டாக்டரம்மா திட்டவில்லை. முதலில் எல்லம்மாவுக்குக் கஞ்சி வரவழைத்தார். பிறகு திம்மப்பனைக் கூப்பிட்டு, மகள் கண்ணில் படும்படி வீட்டில் யாரும் களி தின்னக்கூடாது என்றார். அவர் தன் களி உருண்டையை வயலுக்கு எடுத்துப் போய்த் தின்றார். புட்டியை ஆஸ்பத்திரியிலேயே ஆயா பிடித்துக் கொடுத்தாள். வலிப்பு குறைந்து, ஒருகட்டத்தில் நின்றது. சில வருஷம் கழித்து டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கொடுக்கச் சொன்னார். அப்போதும் வலிப்பு திரும்பவில்லை. கடைசியாக வந்த அன்று குழாயில் வளையம் இல்லை. "ரொம்ப நல்லது" என்றேன். திம்மப்பன் முகம் சுருங்கியது. "அன்னிக்கு வந்தா நல்லதுன்னீங்க, இன்னிக்கு வரலேன்னா நல்லதுங்கறீங்க. நீங்க சொல்றதுல எத சார் நம்பறது?"

அந்த வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் வீட்டில் யாராவது "எனக்குப் பசியில்லை" என்றால் நான் இன்றைக்கும் நம்புவதில்லை.