எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

என் மனைவியின் லேப்டாப்பை எரித்தது நான்தான். வீட்டு வயரிங் இல்லை. அதைச் செய்துகொடுத்த அவள் தம்பி முருகேசனும் இல்லை. கீரமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் மின்னோட்டப் பாடம் நடத்துகிற இயற்பியல் ஆசிரியனாகிய நான். சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன ராக்கெட்டா செய்யப் போனேன்? மல்லிகைத் தொட்டிக்குத் தானாகத் தண்ணீர் விட ஒரு சின்ன சர்க்யூட். மண் காய்ந்தால் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒரு குட்டி மோட்டாரை ஓட்ட வேண்டும். மின்சாரம், லேப்டாப்பின் யூ.எஸ்.பி. போர்ட்டிலிருந்து. போர்டுக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும்... தனி அடாப்டர் வாங்க ஆலங்குடி வரை போகச் சோம்பல்.

மோட்டார் கிளம்பும்போதெல்லாம், அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கவிடாமல் போர்டிலிருந்த ஃபியூஸ் தடுத்தது. அங்கே ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அதுதான். எனக்கோ எரிச்சல். அதன் குறுக்கே ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்தேன்! மோட்டார் சுற்றியது, தண்ணீரும் வந்தது. அடுத்த நொடி திரை இருண்டு, கருகல் நாற்றம் அடித்தது.

அந்த லேப்டாப்பில்தான் சுதா கல்யாண ஆல்பங்கள் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தையிலிருந்து திரும்புவதற்குள் போர்டும் மோட்டாரும் பீரோவுக்கு அடியில் போய்விட்டன.

"என்னங்க ஆச்சு?"

"சார்ஜ் போட்டிருந்தேன். எர்த்து சரியில்ல போல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்...

முருகேசன் மறுநாளே கடப்பாரையோடு வந்தான். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழியைச் செம்பாறை மண்ணில் மறுபடி தோண்டி, கரியும் உப்பும் புதிதாகப் போட்டான். "என் கையால போட்டது மச்சான். எங்க தப்புனேன்னே தெரியல" என்றான். நான் கரி மூட்டையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

சுதா ஆற்றாமையில் உறவுக்காரர்களிடமெல்லாம், "அக்கா வீட்டுக்கே இப்புடிப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டாள். கந்தர்வக்கோட்டையில் அவள் சித்தப்பா கட்டிய புது வீட்டு வயரிங், முருகேசனுக்குப் பேசி வைத்திருந்த வேலை, வேறு ஆளுக்குப் போனது. அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தன் வேலைமேல் அவனுக்கே சந்தேகம் வந்திருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் அதைத்தான் என்னிடம் கேட்கிறேன். முதல் நாள் வெட்கம் தடுத்தது. அவன் பிழைப்பில் கை வைத்துவிட்ட பிறகு பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே தினமும் உண்கிறேன்.

இப்போது அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே வருவதில்லை. குழி காய்ந்தால் எர்த் வேலை செய்யாதாம். முதலில் குழாயடியில் குடத்தை நிரப்பி, எர்த் குழியில் ஊற்றிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

"இப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லையே மச்சான்?"

"இல்லப்பா" என்றேன். காலிக் குடத்தை அவன் கையிலிருந்து நான்தான் வாங்கி வைத்தேன்.