பால் கிண்டிய கையும் நடக்காத காலும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவன் நான். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னதும், மகள் நடையை எண்ணும் வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிவிட்டாள். அன்றோடு நிம்மதி போச்சு. நிமிஷத்துக்கு ஒருதரம் அதையே பார்ப்பேன். ஆச்சரியம், மதியத்துக்குள்ளேயே அன்றைய நடை முடிந்ததென்று வாட்ச் அதிர்ந்து பாராட்டிவிடும். கடைக்குள் அலைவதே போதும்போல என்று சாயங்கால நடையை விட்டேன். மனைவி கேட்டால் மணிக்கட்டை நீட்டுவேன்.

போன மாசம் ராஜபாளையத்தில், கிளம்பிய பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்ச தூரம்தான் ஓடினேன். படியில் கால் வைத்ததும் கண் இருட்டிச் சரிந்தேன். கண்டக்டர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பேன். டாக்டரிடம் போனால், சர்க்கரை முன்னைவிட ஏறியிருக்கிறது!

மறுநாள் பால் கிண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மனைவி என் வாட்சையே பார்த்தாள்.

"ஏங்க, செத்த நேரம் கிண்டாம நில்லுங்க. நீங்க நின்ன இடத்துலதான நிக்கிறீக? நம்பர் மட்டும் எம்புட்டு வேகமா ஓடுது!"

துடுப்பை நிறுத்தினேன். நம்பரும் நின்றது. கிண்டினேன். ஓடியது. கை ஆடியதையெல்லாம் நடையென்று எண்ணியிருக்கிறது!

இப்போது அடுப்பைப் பற்றவைக்கும் முன் வாட்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறேன். கடை சாத்தியதும் கட்டிக்கொண்டு திருமுக்குளத்தைச் சுற்றுகிறேன். பாராட்டு லேசில் வருவதில்லை. வராத நாளில் இன்னொரு சுற்று போய்வராமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.