மங்குஸ்தான் தோட்டத்தில் மலையணில் வேட்டை

வெள்ளிக்கிழமை, விடிகாலை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் லாரிகளுக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் தென்காசி பஸ்ஸுக்கு நின்றேன். தோளில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் நண்பனிடம் இரவல் வாங்கிய கேமரா. கையில் பழைய வேட்டியில் சுற்றிய மூன்றுகால் தாங்கி. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்து, "அக்காவுக்கு ஒரு வழி பண்ணிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் இதுதான். என் அக்கா பேச்சியும் அத்தான் மாடசாமியும் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலைக்கு மேலே, மலையை ஒட்டிய ஒரு மங்குஸ்தான் தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறார்கள். தங்குவதும் தோட்டத்துக் கொட்டகையில்தான். இந்த சீசனில் பழம் கிலோ நானூறு ரூபாய்க்குப் போகிறது. மரத்தில் இருந்த பழம் காணாமல் போகிறது. மலையணில்தான் கொண்டுபோகிறது என்கிறார் அத்தான். குத்தகை எடுத்த அண்ணாச்சி நம்பவில்லை. அணில் தின்றால் தரையில் தோடு, பழத்தின் அந்தத் தடித்த மேல்தோல், கிடக்க வேண்டுமே, ஒரு தோட்டைக்கூடக் காணோமே, தோட்டோடு தின்னும் அணில் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேறு காவலாளோடு வருவதாகவும் சொல்லிவிட்டார். வேலை போனால் கூரையும் போகும். அதைவிட, களவாணி என்று ஒருமுறை பேர் விழுந்தால் குற்றாலத்தில் எந்தத் தோட்டத்திலும் உள்ளே விடமாட்டார்கள். பழமும் கையுமாக அணிலைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வேட்டை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் வேட்டிக்குள் இருந்த தாங்கியையே பார்த்துக்கொண்டு வந்தார். கடையநல்லூர் தாண்டியதும் கேட்டேவிட்டார். அணில் வேட்டைக்குப் போகிறேன் என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "உள்ள போயிருவலே" என்றார். சுற்றியிருந்த வேட்டியைப் பிரித்துத் தாங்கியைக் காட்டிய பிறகுதான் பழைய இடத்துக்கு நகர்ந்து வந்தார்.

அவர் சொன்னது சரிதான். அணில் வேட்டைக்குக் கிளம்பும் தம்பிமார்களுக்கு என் முதல் யோசனையும் அதுவே: மலையணிலைச் சுட்டாலும், கண்ணி வைத்தாலும், பிடித்து வளர்த்தாலும் ஜெயில். கேமராவோடு போங்கள். வேட்டையில் உள்ள படபடப்பு ஒரு துளிகூடக் குறையாது. கல்லூரியில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தவன் நான், ஆனால் மலையணிலைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் அணில் வேட்டையாடும் வீடியோக்களை ஒரு வாரமாகப் பார்த்துத் தயார் செய்திருந்தேன். அவர்கள் கையில் துப்பாக்கி. வித்தையென்னவோ நமக்கும் ஆகும்.

தென்காசியில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். குற்றாலம் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். மேலகரம் வரைக்கும் வெயில். அதைத் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் துண்டும் சோப்பு டப்பாவுமாக அருவிக்கு இறங்கினார்கள். ஐந்தருவிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள். நடந்தே போனேன்.

அக்காவின் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். மழைக்காட்டை ஒட்டின தோட்டம் மாதிரியே இல்லை, கல்யாண வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. மரத்தடியில் ஒரு சருகு கிடையாது. அண்ணாச்சி தினமும் பத்து மணிக்கு வருவாராம். அவர் கண்ணில் குப்பை படக்கூடாதாம்.

இரண்டாவது யோசனை: அணிலைத் தேடி மேலே பார்க்காதீர்கள், முதலில் கீழே பாருங்கள். கடித்துப் போட்ட தோடு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் அதன் சாப்பாட்டு மேசை. வீடியோவில் எல்லாரும் இதைச் சொல்லுகிறார்கள். நானும் குனிந்துகொண்டே தோட்டம் முழுக்கச் சுற்றினேன். ஒன்றும் அகப்படவில்லை. அண்ணாச்சி சொல்வது சரியோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதை அத்தான் முகத்தைப் பார்க்காமல் விழுங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பழம் அதிகமாக இருந்த ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்தேன். காதைத் தீட்டிக்கொள், தோடு விழும் சத்தம் கேட்கும் என்பது வீடியோ பாடம். சாரலில் அது நடக்காது. ஒவ்வொரு இலையும் சொட்டுகிறது, ஒவ்வொரு சொட்டும் தோடு மாதிரியே கேட்கிறது. வந்தது ஒரே ஒரு சாதா அணில், முதுகில் மூன்று கோடு போட்டது. எங்கள் ஊரில் கூரைக்குக் கூரை ஓடுவது. காலில் இரண்டு அட்டை. அத்தான் உப்பு வைத்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, இன்னைக்கு அது நம்மளப் பாத்துட்டுப் போயிருக்கு."

சனிக்கிழமை விடியும்போது சர்ர், சர்ர் என்று ஒரு சத்தத்தில் முழித்தேன். அணில் கிளையில் ஓடுகிறது என்று நினைத்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தால், அக்கா. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, வாரியலோடு தோட்டத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

குப்பையைக் கூடையில் அள்ளி வேலியோரக் குழிக்குக் கொண்டுபோனாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னால் போனேன். கூடையைக் கவிழ்த்ததும் ஈரச் சருகுக்கு நடுவே கருஞ்சிவப்பாக என்னவோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தேன். மங்குஸ்தான் தோடு. விளிம்பு முழுக்க உளியால் செதுக்கின மாதிரி பல்லுத்தடம். எலிப் பல்லைப் போல இரண்டு மடங்கு. குழிக்குள் கையை விட்டேன். இன்னும் இருந்தது, இன்னும் இருந்தது.

"இது எங்கன கெடந்துச்சு அக்கா?"

"அந்தா, அயனி மரத்து மூட்டுல. அங்கனதான் தினமும் கெடக்கும்."

வேலியை ஒட்டி, மங்குஸ்தான் மரங்களிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும் மரம் அது. பழத்தை இங்கே பறித்து அங்கே கொண்டுபோய்த் தின்றிருக்கிறது. இதை ஏன் அண்ணாச்சியிடம் காட்டவில்லை என்று கேட்டேன்.

"கடிச்ச தோட்டைப் பாத்தா காவக்காரன் தூங்கிட்டாம்னுல்லா சொல்லுவாவ? அதான் அவிய வாரதுக்கு முந்தியே வாரிப் போட்டுருவேன். உங்க அத்தானுக்கே தெரியாது."

புருஷனைக் காப்பாற்ற ஒரு மாதமாக அவள் வாரிக் கொட்டிய குப்பைதான் அவரைக் களவாணி ஆக்கியிருக்கிறது. அதைச் சொன்னதும் வாரியலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே குழியோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையிலிருந்து வந்த அத்தானுக்கு விவரம் தெரிந்ததும் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். வீட்டுக்குள் அடுப்படியைப் பெருக்கச் சொன்னால் காட்டையே பெருக்கி வைத்திருக்கிறாள், இவளை விட்டால் அருவியையும் துடைத்துவிடுவாள் என்றார். ராத்திரி கண் முழிச்சு டார்ச் அடிச்சு என்ன பிரயோசனம், அணில் பகலில்தானே வருது, அது தெரியாத காவல்காரர் என் வாரியலைக் குறை சொல்ல வேண்டாம் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் குழித் தோட்டை மட்டும் காட்டினால் அண்ணாச்சி எலி என்பார், அழுகல் என்பார். படம் வேண்டும். ஒரு நாள்தான் இருந்தது.

மூன்றாவது யோசனை: மேசையைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு மிக அருகில் உட்காராதீர்கள். அயனியிலிருந்து இருபது அடி தள்ளி, ஒரு ஜாதிக்காய் மரத்தடியில் இடம் பிடித்தேன். லென்ஸுக்கு மேலே பால் பாக்கெட்டை வெட்டிச் சுற்றினேன். அத்தான் பக்கத்தில் சாக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பீடி கூடாது என்று சொல்லியிருந்தேன். அதற்காக என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார்.

மத்தியானம் சாய்ந்து மேகம் கொஞ்சம் விலகியது. திடீரென்று காட்டுப் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம், பழைய சைக்கிள் செயினைத் தகரத்தில் இழுத்த மாதிரி. அத்தான் என் முட்டியை அழுத்தினார். உச்சிக் கிளை ஒன்று தாழ்ந்து எழும்பியது. அங்கிருந்து என்னவோ காற்றில் நீளமாகப் பறந்து மங்குஸ்தான் மரத்தில் விழுந்தது. பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு தூரம். ஒரு நிமிஷம்தான். வாயில் பழத்தைக் கவ்விக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவி, அயனிக்கு வந்துவிட்டது.

தம்பிமார்களே, அது அணில் இல்லை, அணில்களின் ராஜா. வாலோடு சேர்த்தால் பூனையை விட நீளம். முதுகு காய்ந்த ரத்தச் சிவப்பு, தோளும் வாலும் கறுப்பு, வயிறு பாலாடை நிறம். வால் கிளைக்குக் கீழே ஒரு முழம் தொங்கியது. புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் மடங்கிக் கிடந்தது இதுதானா என்று இருந்தது. கேமராவைத் தூக்குவதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மெல்ல வலது பக்கம் நகர்ந்தேன். அது இடது பக்கம் நகர்ந்தது. நான் இடது, அது வலது. வாலின் நுனி மட்டும் தெரியும். தோடு பொத்துப் பொத்தென்று விழுகிறது. பழம் முடிந்துகொண்டிருக்கிறது.

அப்போது ஒரு வீடியோ ஞாபகம் வந்தது. அணில் மரத்தைச் சுற்றி ஒளியும்போது, மறுபக்கத்தில் ஒரு சட்டையைக் கட்டி ஆட்டினால் நம் பக்கம் வந்துவிடும். நாலாவது யோசனை இதுவே, இதற்காகவே இரண்டு பேராகப் போங்கள். அத்தான் காதில் சொன்னேன். அவர் சாக்கை விட்டுவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து அயனிக்கு அந்தப் பக்கம் போனார். சிவப்புத் துண்டு ஒரு குத்துச்செடிக்கு மேலே ஒரு தடவை ஆடியது.

மலையணில் கடகடவென்று கத்திக்கொண்டு என் பக்கம் சுற்றி வந்தது. கிளையைப் பின்னங்கால்களால் பிடித்து, தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையிலும் மங்குஸ்தானைப் பிடித்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தது. வெள்ளைச் சுளை வாயில். ஷட்டரில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. அது மிச்சத்தையும் தின்று, தோட்டைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

ஓடி வந்து படத்தைப் பார்த்த அத்தான் உடம்பெல்லாம் சேறு. "பழத்த எப்படிப் பிடிச்சிருக்கு பாத்தியாலே, பிள்ளயத் தூக்குன மாதிரி" என்றார். பீடியைப் பற்றவைக்கத் தீக்குச்சி நாலைந்து நனைந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணாச்சியின் பைக் வந்தது. பின்னால் புளியறையைச் சேர்ந்த ஒருவர், துணிப்பையோடு. நான் கேமராவை நீட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார், அணிலை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த வேலிக்கல்லைப் பார்த்தார். தன் வேலிதானா என்று உறுதி செய்கிறார். அயனி மரத்தடிக்கு நடந்து போனார். அங்கே மட்டும் பெருக்க வேண்டாம் என்று அக்காவிடம் கெஞ்சியிருந்தேன். தோடு அப்படியே கிடந்தது.

புளியறைக்காரர் குனிந்து ஒன்றை எடுத்தார். "இது மலையண்ணானாக்கும் அண்ணாச்சி. எங்க பக்கம் கொக்கோவயே விட்டு வைக்காது. ஆள் போட்டாலும் அது வரும்." தன் வேலைக்குத் தானே குறுக்கே நிற்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அண்ணாச்சி வருத்தம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. அந்த அணிலுக்கு இருக்கிற சட்டம் தனக்கு இல்லை என்று முனகினார். இனிமேல் பகலிலும் மரத்தடியில் ஆள் நடமாட வேண்டும் என்று அத்தானிடம் சொன்னார். வேலை தப்பியது என்று அர்த்தம். கடைசியில் அக்கா பக்கம் திரும்பி, நாளையிலிருந்து தான் பத்து மணிக்கு வந்து தோட்டை எண்ணிப் பார்க்கும்வரை எங்கேயும் பெருக்கக்கூடாது என்றார்.

அத்தான் தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை.

"அது முடியாது அண்ணாச்சி. நான் குப்பைக்குள்ள பத்து மணி வரைக்கும் இருக்க மாட்டேன். நீங்க சந்தேகப்படுதியன்னா ஆறு மணிக்கு வாங்க. பாத்துட்டுப் போங்க. அதுக்குப் பொறவு பெருக்கத்தான் செய்வேன்."

அத்தான் முகத்தில் ரத்தம் இல்லை. காப்பாற்றிய வேலை கைக்கு வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ஆறு மணிக்கா? இந்தச் சாரல்லயா?" என்றார் அண்ணாச்சி. "எனக்கும் அதே சாரல்தான்" என்றாள் அக்கா. புளியறைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணாச்சி பைக்கை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு இறங்கினேன். அக்கா ஒரு பையில் மங்குஸ்தான் தர வந்தாள். அண்ணாச்சியிடம் கேட்காமல் வேண்டாம் என்றதும் திட்டிவிட்டு எடுத்து வைத்தாள். எங்கள் ஊரில் அணில் கொறித்த பிஞ்சைக் கண்டால் அப்பா காலால் தள்ளிவிட்டு மூட்டையைப் பார்ப்பார். ஒரு கடி ஒரு மனுஷனின் பேரைக் காப்பாற்றும் என்று அவரிடம் எப்படிச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வளைவில் எதிரே ஒற்றை விளக்கு ஏறி வந்தது. மழைக்கோட்டுக்குள் அண்ணாச்சி. என்னைக் கண்டதும் பைக்கை நிறுத்தி, கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"ஏலே, உங்க அக்கா பெருக்கிட்டாளா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி. வாரியல எடுத்துட்டா."

அவர் பைக்கை முறுக்கினார். மேட்டில் அந்த பைக் ஏறிய வேகத்தை நான் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.